மூன்று வளைவு வீட்டை முதலில் படம் எடுத்தது நான்

இதை எழுத உட்கார்ந்து எழுந்ததிலேயே சில வருடங்கள் போய்விட்டன. கிருத்திகை அன்று விளக்கேற்றிவிட்டுத் தாளை எடுப்பேன். இரண்டு வரி போவதற்குள் கை நின்றுவிடும், கிழித்துப் போட்டுவிடுவேன். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர் பல வருடம் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அக்கா. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது வேளா வேளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்டவர் மேல் எனக்குப் பொறாமை என்று எழுதினால் முருகன் ஒத்துக்கொள்வானா என்று பயம். அவர் மருமகள் படித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

ஆனால் வருகிற தை மாதம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம். அதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர்கள் பக்கத்தில் அக்கா கட்டியிருக்கிற வீட்டையும் எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுத் தாங்களாக ஒரு கதை கட்டிவிடுவார்கள். விஷயம் இதுதான்: கோயிலுக்குப் போன இடத்தில் நான் ஒரு வீட்டைப் படம் எடுத்தேன். அந்த வீட்டின் முகப்பை எனக்கென்று வைத்திருந்தேன். அது என் கையை விட்டுப் போனது.

நான் பத்தாவது வரை படித்தவள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே வீட்டைப் பற்றி நாம் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. குழாய் ஒழுகினால் எழுதி வைத்தால் ஆள் வருவார். சுவருக்கு என்ன நிறமோ அது எல்லாருக்கும் ஒரே நிறம். என் பெண் இரண்டாம் வகுப்பில் "எங்கள் வீடு" என்று படம் வரைந்தாள். வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அதே கதவு, அதே ஜன்னல், அதே மாமரம் வரைந்திருந்தார்கள். புதிதாக வந்த டீச்சர், "யாரைப் பார்த்து யார் வரைஞ்சீங்க?" என்று அதட்டினாராம்.

ரிடையர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து நல்ல வீட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றுக்குள் ஒரு கொதிப்பு வரும். இந்த வீட்டில் இருக்கிறவள் போன ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தாள் என்று தோன்றும். போன் வாங்கிய பிறகு அந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டால் கொதிப்பு கொஞ்சம் அடங்கியது. நான் கட்டிடங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தது அப்படித்தான். கலை என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் பிளாக்கில் செவ்வாய்க்கிழமை பஜனைக் குழு ஒன்று உண்டு. வருடத்தில் சில தடவை பஸ் பிடித்து யாத்திரை போவோம். திருச்செந்தூர், பழனி, ராமேஸ்வரம், ஒரு தடவை காசி வரைக்கும் போயிருக்கிறோம். மற்றவர்கள் கோபுரத்துக்கு முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நான் தரிசனம் முடிந்ததும் தேரோடும் வீதியில் இறங்கிவிடுவேன். மாடியில் மர வேலைப்பாடு வைத்த வீடு, ஓடு வேய்ந்த பழைய சத்திரம், புதுச்சேரியில் மஞ்சள் சுவர் வைத்த தெரு, காசியில் படிக்கட்டுக்கு மேலே ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள், எதையும் விடமாட்டேன்.

கட்டிடத்தை எடுப்பது லேசு இல்லை. கிட்டே நின்று போனைத் தூக்கினால் சுவர் இரண்டும் மேலே போகப் போகக் குறுகி, வீடு பின்னால் மல்லாந்து விழுகிற மாதிரி வரும். கோபுரத்தை நான் முதலில் எடுத்த படங்களெல்லாம் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கும். பிறகு பழகிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் போய், யார் வீட்டு வாசல்படியோ, அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். வீட்டின் பாதி உயரத்துக்கு நம் கண் வந்துவிட்டால் சுவர் நிமிர்ந்துவிடும். ஆட்டோ போகும் வரை, பால்காரர் நகரும் வரை பொறுக்க வேண்டும். கரண்டு கம்பியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

பஸ்ஸில் என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. டிரைவர் தம்பி ஒரு தடவை ஹாரனை அடித்துவிட்டுக் கேட்டார்:

"அம்மா, அந்த வீட்ட வெலைக்குப் பேசுறீங்களா, வாடகைக்கா? சொன்னீங்கன்னா சாமானை இறக்கிட்டு நாங்க கெளம்புறோம்."

எதிர் வீட்டு அக்கா அதற்கு மேல். ஜன்னலில் தலையை நீட்டி, "சாமி கும்புட்ட கையோட வூடு பாக்க போயிட்டா பாரு! ஏம்மா, வண்டி நின்னுகினு இருக்குது, வா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுவார். ஆனால் நான் ஏறியதும் பக்கத்தில் இடம் வைத்திருப்பார். போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதும் அவர்தான்.

அக்கா இந்த ஊர்ப் பக்கத்துக்காரர். மாமனார் வீடும் நிலமும் மைன்ஸுக்குப் போய், அதற்கு வந்த வேலையில்தான் அவர் வீட்டுக்காரர் சேர்ந்தார். "எங்க வூடு இருந்த எடத்துல இப்ப பள்ளத்துல மிஷினு சுத்திகினு இருக்குது. ஒரு போட்டோ கூட இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மட்டும், இழக்கிறதுக்காவது இவருக்கு ஒரு வீடு இருந்ததே என்று தோன்றியது. எவ்வளவு தூரத்துக்கு எனக்குப் பொறாமை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்கு வருகிறேன்.

ஒரு பங்குனியில் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு, விடிந்ததும் குன்றக்குடி மலை ஏறினோம். சன்னதியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. உனக்கு ஆறு படைவீடு இருக்கிறது, எனக்கு நல்லதாக ஒன்று கொடு என்று கேட்டேன். இறங்கி, போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். குறுக்குத் தெருவுக்குள் நாலு வீடு தள்ளிப் போனேன். அங்கே நின்றது.

பெரிய பங்களா எல்லாம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் கட்டக்கூடிய அளவுதான். முன் வராண்டாவில் மூன்று வளைவுகள், நடுவளைவு கொஞ்சம் அகலம். இடையில் உருண்டையாக இரண்டு தூண்கள். வளைவுகளுக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் கொடி ஓடியது. அதற்கும் மேலே கைப்பிடிச் சுவரின் இரண்டு முனையிலும் இரண்டு மயில்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. காலை வெயில் அந்த வளைவுகளுக்குள் நுழைந்து வராண்டாத் தரையில் மூன்று அரை வட்டமாகக் கிடந்தது. மலையில் கேட்டதற்கு முருகன் போகிற வழியிலேயே பதில் சொல்லிவிட்டான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"எதுக்கு ஆத்தா எடுக்குறீக? சினிமாவுக்கா?"

"இல்லம்மா. வீடு ரொம்ப நல்லா இருக்கு. அதான்."

"நல்லாயிருக்கா? மழை பேஞ்சா வந்து பாருங்க, உள்ளுக்குள்ள நாலு எடத்துல சட்டி வச்சிருப்போம். எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க."

எதிர் வீட்டுப் படியில் ஏறி நின்று எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நேரான படம். மயில் இரண்டும் முழுசாக வந்திருந்தன. குறுக்கே கம்பி ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸில் அக்கா அந்தப் படத்தைத் தள்ளவே இல்லை. விரலால் பெரிதாக்கி, தூணைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார்.

"இத எனக்கு அனுப்பு."

"எதுக்குக்கா?"

"சும்மா பாத்துகினு இருப்பேன்."

அனுப்பினேன். அக்காவின் பையன் அப்போதுதான் அவருக்குப் பெரிய போனாக வாங்கிக் கொடுத்திருந்தான். என் படம் என் போனில் இருந்ததைவிட அவர் போனில் பளிச்சென்று தெரிந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ஊர்ப் பக்கத்தில் அடுத்தடுத்து மனை இருந்தது. ஒரே ஷிப்டில் வேலை பார்த்த எங்கள் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து போய் வாங்கியது. மேற்கே ரோடு, கிழக்கே பின்பக்கம் யாருடையதோ முந்திரித் தோப்பு. அக்காவின் வீட்டுக்காரர் முதலில் ரிடையர் ஆனார். அவர்கள்தான் முதலில் கட்டவேண்டிய நிலை. அதில் யார் மேலும் குற்றம் இல்லை.

சுவர் ஜன்னல் உயரம் தாண்டி லிண்டல் மட்டம் வந்துவிட்டது, வந்து பார் என்று அக்கா கூப்பிட்டார். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். ரோட்டில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. முன்னால் கான்கிரீட் போட சென்ட்ரிங் பலகையை வளைத்து அடித்து வைத்திருந்தார்கள். மூன்று வளைவுகள். நடுவளைவு கொஞ்சம் அகலம்.

"என்னக்கா இது?"

"நல்லா இருக்குதா? இன்ஜினியர் தம்பி போட்ட டிசைனும்மா. கம்ப்யூட்டர்ல காமிச்சான், புடிச்சி போச்சி."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணில் ஒரு சின்ன அசைவு கூட இல்லை. அவர் மறந்தே போய்விட்டாரோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மறந்திருந்தால் அதற்கும் எனக்குக் கோபம். நான் அந்தப் படத்தை நாள் தவறாமல் எடுத்துப் பார்ப்பேன், அவருக்கு மறக்கவே முடிந்திருக்கிறதே.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ படம்தான எடுத்த? வீட்டயா எடுத்துட்டு வந்த? வீட்டுக்குச் சொந்தக்காரம்மாவே சண்டைக்கு வரல. நீ எதுக்கு மல்லுக்கு நிக்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது. "முருகன் எனக்குத்தான் காட்டினான்" என்றேன். "அப்ப முருகன்கிட்டப் போயிச் சொல்லு. ரசம் ஊத்து" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? முதல் நாளே போய்க் கோலம் போட்டேன், பந்தியில் பரிமாறினேன். வருகிறவர்கள் எல்லாரும் ரோட்டிலேயே நின்று முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். "யாரு டேஸ்ட்டு?" என்று கேட்டால் அக்கா, இன்ஜினியர் தம்பி போட்டது என்று சிரிப்பார். மயில்கள் மட்டும் சரியாக அமையவில்லை. கழுத்து தடித்து வான்கோழி மாதிரி இருந்தன. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல். யாராவது கவனித்துச் சொல்லமாட்டார்களா என்று சாம்பார் வாளியோடு காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

பஜனைக் குழுவில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனையும் பக்கத்துலதானே? இதையே பாத்துக் கட்டிடுங்க. காப்பி அடிக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல, நல்லதைத்தானே அடிக்கிறோம்" என்றார். ஆசீர்வாதம் செய்கிற குரலில் சொன்னார். நான் பாயசம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையல் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே எங்கள் காலி மனை தெரிந்தது. அங்கே நான் எதைக் கட்டினாலும் இனிமேல் பார்த்துக் கட்டியது என்றுதான் பெயர்.

அதற்குள் அக்கா தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"இங்க இருக்கறியா! வா, வந்து வூட்ட ஒரு போட்டோ எடு. எங்க ஆளுங்க எடுத்தா வூடு குடிச்சவன் கணக்கா சாயுது. நீதான் நேரா புடிப்ப."

அவர் போனையே என் கையில் கொடுத்தார். ரோட்டைக் கடந்து எதிர் மனை வேலி ஓரத்தில் நின்றேன். அந்தப் பக்கம் மண் கொஞ்சம் மேடு. கோணலாக எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று மனசு சொன்னது. தூணை வெட்டிவிடு, பந்தல் கம்பு நடுவில் வரட்டும் என்று சொன்னது. கை கேட்கவில்லை. பழகின கை, தானாகவே இரண்டு அடி நகர்ந்தது, பந்தல் துணி காற்றில் விலகும் வரை பொறுத்தது, எடுத்தது. அவ்வளவு நேராக வந்தது. அன்று சாயங்காலமே அந்தப் படம் எங்கள் குழு, கோயில் குழு, அவர் சொந்தக்காரர்கள் குழு எல்லாவற்றிலும் சுற்றிவந்தது. "சூப்பர் வீடு", "அரண்மனை" என்று கை கூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன. யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வில்லுடையான்பட்டு முருகனிடம் போனேன். இந்தப் பொறாமையை எடுத்துவிடு, உடம்புக்கு ஆகவில்லை என்று வேண்டினேன். மூன்று சுற்று சுற்றிவிட்டு வரும்போது, அந்த வளைவில் ஒரு விரிசல் விழுந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாயால் ஒன்று, மனசால் ஒன்று கேட்டால் அவன் என்ன செய்வான் பாவம். பொறாமையும் போகவில்லை, விரிசலும் விழவில்லை.

வெயில் காலம் வந்தது. சித்திரையில் ஒரு நாள் எங்கள் மனையில் முள் வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போனபோது பார்க்கிறேன், அக்கா வீட்டின் முகப்பையே காணோம். நர்சரியில் செடிக்கு மேலே கட்டுவார்களே, அந்தப் பச்சை வலையை மாடிக் கைப்பிடியிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். தூணும் இல்லை, வளைவும் இல்லை. மயில்களின் தலைகள் மட்டும் வலைக்கு மேலே எட்டிப் பார்த்தன.

சந்தோஷமாக இருந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மேற்கு வெயில்தான் காரணம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வளைவுகள் வழியாக வெயில் நேராக ஹாலுக்குள் வருகிறது. வராண்டா டைல்ஸில் கால் வைக்க முடியவில்லை. வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்றுதானே திறந்து வைப்போம், இங்கே அனல் வந்தது. மேற்கு வாசல் ராசிக்கு ஆகும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். வெயிலைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் எப்படித் தெரியும்? டவுன்ஷிப்பில் வீட்டைவிட உயரமாக மாவும் வேம்பும் புங்கையும் நிற்கும். இத்தனை வருடத்தில் நாங்கள் கண்ட வெயில் எல்லாம் இலைக்கு நடுவில் சல்லடையில் விழுந்த வெயில். நம் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குவார்ட்டர்ஸில் எவரும் கேட்டுக்கொண்டதில்லை.

வைகாசி விசாகத்துக்குக் கோயிலில் எல்லாரும் சேர்ந்து பானகம் கரைத்துக்கொண்டிருந்தோம். அதே பஜனைக் குழு அம்மாதான் கேட்டார்.

"ஏங்க, அவ்வளவு அழகான முகப்பு, வலையைப் போட்டு மூடிட்டீங்களே?"

அக்கா கரண்டியை அண்டாவில் விட்டுவிட்டு என்னைக் காட்டினார்.

"எல்லாம் இவளாலதான். இவ எடுத்தாந்த போட்டோவ நம்பி கட்டினோம். போட்டோல பாத்தா குளுகுளுன்னு இருந்துச்சி. வெயிலு இப்பிடி அடிக்கும்னு போட்டோல எங்க தெரியுது?"

"அப்ப இன்ஜினியர் போட்டதுன்னு சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா.

"அவன் எங்க போட்டான்? இவ போட்டோவத்தான் அவன்கிட்ட காமிச்சோம். இவதான் ஊர் ஊரா போயி வூட்ட படம் புடிச்சிகினு வருவாளே, உங்களுக்கு தெரியாதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குற்றவாளியைப் பார்க்கிற பார்வை. எனக்கோ பானகம் குடிக்காமலே தொண்டை இனித்தது. புகழ்ந்தபோது இன்ஜினியர் வீடு, சுட்டபோது என் போட்டோ. இருக்கட்டும். இத்தனை பேர் முன்னால், கோயிலில் வைத்து, அது என் படம் என்று அக்கா வாயாலேயே வந்துவிட்டது. "ஆமா, நான் எடுத்ததுதான்" என்று சத்தமாகச் சொன்னேன். திட்டு வாங்கிக்கொண்டு யாரும் அவ்வளவு பெருமையாகத் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வி உறுத்தியது. அந்த வீட்டு அம்மா மட்டும் வலை இல்லாமல் எப்படி இருக்கிறார்? மத்தியானம் வேலை முடித்துவிட்டுப் போனில் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான் ஆசைப்பட்டு எடுத்த வீடுகளில் பெரும்பாலும் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. அதனால்தான் அவை அழகாகத் தெரிந்திருக்கின்றன. நாங்கள் யாத்திரை போவது எப்போதும் விடியற்காலைத் தரிசனத்துக்கு. நான் தெருவில் இறங்குவது காலை டிபனுக்கு முன்னால். காலையில் முகத்தில் வெயில் விழுந்தால் அது கிழக்குப் பார்த்த வீடு. நான் இத்தனை வருடமும் கிழக்குப் பார்த்த வீடுகளையே தேடித் தேடி எடுத்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. மத்தியானத்தில் அந்த வளைவுகள் நிழலில் இருக்கும். அந்த அம்மா அங்கே பாயை விரித்துப் படுத்திருப்பார்.

எங்கள் வீட்டுக்காரர் ரிடையர் ஆக ஒரு வருடம் இருக்கும்போது கட்ட ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டைக் கட்டிய மேஸ்திரிதான். முதல் நாளே, "அதே எலிவேஷன் போட்டுடுவோம்மா, ஜோடியா நிக்கும்" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் சரி என்கிற மாதிரி நின்றார்.

"முன்னால வேணாம்" என்றேன். "முன்னால சாதாரணமா ஒரு போர்ட்டிகோ, சின்ன ஜன்னல் போதும். அந்த மூணு வளைவையும் பின்பக்கம், கிழக்க வச்சிடுங்க."

மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "என்னாம்மா சொல்றீங்க? முகத்த எடுத்துகினு போயி முதுகுல வைக்க சொல்றீங்களே!"

"பின்னால யாரு பாக்கப் போறா?" என்றார் இவர். "முந்திரி மரமா?"

"நான் காலையில அங்க உக்காந்து காபி குடிப்பேன்."

"நாலு பேரு பாக்கணும்னுதான இத்தன வருசம் புலம்புன?"

புலம்பியது உண்மைதான். ரோட்டில் போகிறவர்கள் அக்கா வீட்டைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள், எங்கள் வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த வீட்டை முருகன் எனக்குக் காட்டியது காலை வெயிலோடு. வெயிலை விட்டுவிட்டு வளைவை மட்டும் வைத்துக்கொண்டால் அவன் காட்டியதில் பாதிதானே வருகிறது.

மயிலுக்கு மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். கோயிலில் சுதை வேலை செய்கிறவரைக் கூட்டிவந்து, என் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கழுத்தை மூன்று தடவை திருத்தச் சொன்னேன். எங்கள் மயில்கள் மயிலாகவே இருக்கின்றன.

சாந்து பூசி முடித்த வாரம், காலையில் தண்ணீர் அடிக்கப் போயிருந்தேன். பின்பக்கத்தை ரோட்டிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஒரே ஒரு இடத்திலிருந்து பார்க்கலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏய்! என்னாடி இது?"

அக்கா மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் சாய்ந்து அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கீழே இறங்கி, பின் வழியாக எங்கள் பக்கம் வந்தார். தரையில் வெயில் மூன்று அரை வட்டமாக விழுந்திருந்தது. சிமெண்ட் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"பின்னாடி வைக்கலாம்னு எனக்கு ஏன் அப்பவே சொல்லல?"

"அப்ப எனக்கே தெரியாதுக்கா."

"மயிலு நல்லா வந்திருக்குது." அவர் வீட்டு மயிலைத் திரும்பிப் பார்த்தார். "எங்களுது கோழியா பூட்சி. எல்லாரும் பாத்துகினு பேசாம இருந்துட்டீங்க, இல்ல?"

நான் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் பல வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள். அடுத்த நாள் காலையும் வந்தார். அதற்கடுத்த நாள் பிளாஸ்கில் காபியே கொண்டுவந்துவிட்டார். இப்போது நான் வீட்டுக்குத் தண்ணீர் அடிக்கப் போகிற நாளெல்லாம் இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். போன வாரம் பண்ருட்டியில் பாத்திரக் கடையில் பஜனைக் குழு அம்மாவைப் பார்த்தேன். வீடு எப்படி வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"வெயிலுக்குப் பயந்து வளைவைப் பின்பக்கம் வைக்கச் சொன்னதே உங்க பக்கத்து வீட்டு அக்காதானாமே? நல்ல யோசனை சொல்லியிருக்காங்க. இந்தக் காலத்துல யாரு சொல்வா?"

கையிலிருந்த பால் காய்ச்சும் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள், முக்கியமாகத் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். குன்றக்குடிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை எடுத்தது நான். வளைவுகளைக் கிழக்கே திருப்பியதும் நான். போர்ட்டிகோவோடு நின்றுவிடாமல் பின்பக்கம் வந்து பாருங்கள். அக்காவைப் பற்றி மட்டமாக ஒரு சொல் சேர்க்க வேண்டாம். என்னைப் பற்றி உயர்வாகவும் ஒரு சொல் சேர்க்க வேண்டாம். பொறாமை என்று நான் எழுதிய இடத்திலெல்லாம், கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கட்டும் என்று, வருத்தம் என்று மாற்றிவிடாதீர்கள். பொறாமைதான். அப்படியே இருக்கட்டும்.